நஷ்டமும் பங்குதான்

மத்தியானச் சாப்பாட்டை எங்கிருந்து வரவழைப்பது என்று எங்கள் ஆபீசில் பேச்சு எழுந்தால் அக்கா எழுந்து வராந்தாவுக்குப் போய்விடுவார். பக்கத்தில் இருந்த இரண்டு ஓட்டல்களில் ஒன்று அவருடைய கணவரின் சித்தப்பா மகன் நடத்துவது. "எனக்கு இதுல பங்கு உண்டு, நீங்க பேசி முடிவு பண்ணுங்க" என்று சொல்லிவிட்டுத்தான் போவார். ஆளுக்கொரு மீன்குழம்புச் சோறு வாங்குகிற விஷயத்துக்கு இப்படி ஒரு ஆசாரமா என்று நாங்கள் விழுந்து விழுந்து சிரிப்போம். முடிவானதும் கூப்பிட்டால் உள்ளே வருவார். எந்த ஓட்டல் என்று கேட்க மாட்டார், வந்ததைச் சாப்பிடுவார்.

வெளியே போகும்போது கைப்பையையும் குடையையும் எடுத்துக்கொண்டுதான் போவார். பையாவது இங்கே இருக்கட்டுமே, அது என்ன ஓட்டுப் போடவா போகிறது என்று ஒருநாள் கேட்டேன். பை உள்ளே இருந்தால் பேசுகிறவர்கள் அதைப் பார்த்துப் பார்த்துப் பேசுவார்கள், அது அவரே உள்ளே உட்கார்ந்திருப்பதற்குச் சமம் என்றார். கேலியாகச் சொல்லவில்லை. அவருக்குக் கேலி வராது.

நாங்கள் இருவரும் நகரத் திட்டமிடுபவர்கள். எந்த ரோட்டை அகலப்படுத்துவது, எங்கே வீடு வரலாம், எங்கே கடை வரலாம், தண்ணீர் எந்த வழியாக வடிய வேண்டும் என்று வரைபடம் போட்டுக் கொடுக்கிற வேலை. எர்ணாகுளத்தில் ஒரு தனியார் நிறுவனத்தில் இருந்தோம். வக்கீல்களுக்கு இருப்பதுபோல எங்களுக்கும் ஒரு சங்கம், பதிவு, நன்னடத்தை விதிகள் எல்லாம் உண்டு. விதியை மீறினால் ஒழுங்குக் குழு விசாரிக்கும். எச்சரிக்கை, பதிவை நிறுத்திவைப்பது, பெயரையே எடுத்துவிடுவது என்று தண்டனை படிப்படியாக ஏறும். எங்களில் பலர் பதிவு வாங்கிய அன்று அந்த விதிகளைப் படித்ததோடு சரி. அக்கா மட்டும் அவற்றோடு குடித்தனமே நடத்தினார். புதிதாகச் சேருகிறவர்களுக்குச் சங்கம் நடத்தும் வகுப்பில் விதிகளை விளக்குவதும் அவர்தான். "பங்கு இருந்தா சொல்லணும். சொன்னதும் விலகணும். விலகினப்புறம் எட்டிப் பார்க்கக் கூடாது" என்று விரல் மடக்குவார்.

இரண்டு பேருக்கும் ஊர் மட்டாஞ்சேரி. என் அத்தாவுக்குக் கடைத்தெருவில் சாக்கு, சணல் கயிறு வியாபாரம்; பாலக்காட்டுப் பக்கமிருந்து வந்த ராவுத்தர் குடும்பம். அக்காவின் ஆட்கள் எங்களுக்கும் முன்னாலேயே வந்து நிலைத்த தமிழ் இந்துக்கள். ஆபீஸ் முழுக்க மலையாளம்தான். நாங்கள் இருவர் மட்டும் எங்களுக்குத் தெரிந்த தமிழில் பேசிக்கொள்வோம், அதுவும் பஸ் தோப்பும்படி ஸ்டாப்பைத் தாண்டுவதற்குள் பாதி மலையாளமாகிவிடும். மற்றவர்கள் அவரை மேடம் என்றார்கள், நான் அக்கா என்றேன். ஒரே பஸ்ஸில் போய் ஒரே பஸ்ஸில் திரும்புவோம். என் டப்பாவிலிருந்து அரிசிமாவுப் பத்திரி அவருக்குப் போகும், அவர் டப்பாவிலிருந்து புளிச்சோறு எனக்கு வரும்.

அந்தப் பத்திரியே ஒருமுறை எனக்கு வினையாயிற்று. நான் சங்கப் பதிவுக்கு விண்ணப்பித்தபோது, என் வேலையைப் பார்த்தறிந்த மூத்த உறுப்பினர் ஒருவர் கையெழுத்துப் போட வேண்டியிருந்தது. அக்காவைவிட என் வேலையைப் பார்த்தவர் யார் இருக்கிறார்கள்? தாளை நீட்டினேன். அவர் கையை நீட்டவில்லை.

"உன் டப்பாவுல இருந்து பத்திரி தின்னுட்டு நான் எப்படிக் கையெழுத்துப் போடறது?"

"அப்போ என் வேலை நல்லா இல்லையா?"

"நல்லா இருக்குன்னு எனக்குத் தெரியும். அதனாலதான் பயம்."

எனக்கு வந்த கோபத்தில் அந்த வாரம் முழுக்க வேறு பஸ்ஸில் போனேன். பத்திரியைத் தனியாக உட்கார்ந்து தின்றேன். அக்கா சமாதானம் பேச வரவில்லை. ஆனால் கொல்லத்தில் இருந்த, என்னை முன்பின் தெரியாத ஒரு உறுப்பினரைத் தேடிப் பிடித்து, என் வரைபடங்களைப் பார்க்கச் சம்மதிக்க வைத்தவர் அவர்தான். அந்த மனிதர் என்னைப் பிழிந்து எடுத்துவிட்டார். கடைசியில் கையெழுத்தோடு நான் ஆபீசுக்கு வந்தபோது அக்காவுக்குக் கண் கலங்கிவிட்டது. இப்படிப்பட்ட ஆளிடம் எத்தனை நாள்தான் கோபமாக இருக்க முடியும்?

சில வருஷங்கள் அவரும் ஒழுங்குக் குழுவில் இருந்தார். அப்போது ஒரு வழக்கு வந்தது. கடற்கரை ஊர் ஒன்றுக்குத் திட்ட அறிக்கை எழுதிய ஒருவர், வேறொரு ஊரின் அறிக்கையை அப்படியே எடுத்து எழுதியிருந்தார். எடுத்தவர் அதை முழுக்கப் படித்துத் திருத்தவாவது செய்திருக்கலாம். கடற்கரை ஊரின் வழியாக மலையடிவாரத்து வாளையாறு ஓடியது, கடல் இருக்க வேண்டிய மேற்கில் தேயிலைத் தோட்டம் வந்தது. சங்கமே சிரித்தது. விசாரணைக்கு முந்தின நாள் அந்த மனிதர் மனைவியோடு அக்காவின் வீட்டுக்கு வந்துவிட்டார். அக்கா இரண்டு பேருக்கும் சாயா கொடுத்து, வழக்கைப் பற்றி ஒரு வார்த்தையும் பேசக் கூடாது என்று சொல்லி அனுப்பினார். மறுநாள் குழுவில், இவர்கள் என் வீட்டில் சாயா குடித்திருக்கிறார்கள், இனி நான் இதில் உட்கார முடியாது என்று எழுந்துவிட்டார். மற்றவர்கள் அந்த மனிதரின் பதிவை ஒரு வருஷத்துக்கு நிறுத்தினார்கள்.

திரும்பும் பஸ்ஸில் அக்கா ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டே வந்தார். அந்த ஆளுக்கு எச்சரிக்கை போதும் என்று வாதாடத்தான் நினைத்திருந்ததாகச் சொன்னார். வேலைப் பளுவில் செய்த தப்பு, முதல் தப்பு என்றார். அப்படியென்றால் உட்கார்ந்திருக்கலாமே என்றேன். சாயா கொடுத்தாயிற்றே என்றார்.

இப்படியே சொல்லிக்கொண்டு போனால் கதை அவர் பக்கமே சாய்ந்துவிடும். அவருடைய அண்ணி சொன்னதையும் சொல்ல வேண்டும். ஒரு நவராத்திரிக்கு அக்காவின் அண்ணன் வீட்டுக்குப் போயிருந்தேன். அதற்கு முந்தின வருஷம் அவர்களுடைய அம்மா படுக்கையில் விழுந்தபோது, யார் வைத்துப் பார்ப்பது என்று அண்ணனும் தம்பியும் உட்கார்ந்து பேசியிருக்கிறார்கள். நான் கல்யாணமாகிப் போன மகள், நான் பேசினால் பேச்சு ஒரு பக்கம் சாய்ந்துவிடும் என்று சொல்லிவிட்டு அக்கா கொல்லைப்புறம் போய் நின்றாராம். பொறுப்பு அண்ணியின் தலையில் விழுந்தது. அண்ணி எனக்குச் சுண்டலை மடித்துக் கொடுத்துக்கொண்டே சொன்னார்: "உங்க அக்கா நல்லவதான். ஆனா கஷ்டமான பேச்சு வரும்போதெல்லாம் அவளுக்குச் சட்டம் ஞாபகம் வந்துடும்." அண்ணி நாத்தனார் பேச்சு என்று நான் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

அந்த அண்ணன் வீடு இருந்த சந்தில்தான் பிறகு எல்லாம் நடந்தது. வீட்டு வாசல்களை ஒட்டி ஒரு கால்வாய். எங்கள் பேச்சில் தோடு. கடல் ஏறும்போது காயல் என்கிற உப்பங்கழி வழியாகத் தண்ணீர் உள்ளே வரும், இறங்கும்போது வெளியே போகும். மழை வெள்ளத்தைவிட எங்கள் ஊர்க்காரர்களுக்கு இந்த வெள்ளம்தான் பயம். மார்கழியிலும் தையிலும், வானம் பளிச்சென்று இருக்கும்போதே வீட்டுக்குள் உப்புத் தண்ணீர் வந்து நிற்கும். சந்தின் நடுவில் பள்ளமான இடத்தில் தையல் இத்தாவின் வீடு. இத்தா என்றால் எங்கள் பக்கம் அக்கா. எங்கள் இருவருக்குமே கல்யாண ரவிக்கை தைத்தவர். கணவர் இறந்துவிட்டார். கீழே ஒரே அறை, அதில் இரண்டு மோட்டார் மெஷின், மாடி கிடையாது. அந்த அறைக்குள் தண்ணீர் வந்தால் அவருக்குப் பிழைப்பு இல்லை.

அந்த வார்டுக்குத் திட்டம் போடும் வேலை எங்கள் நிறுவனத்துக்கு வந்தது. இரண்டு வழிகள் இருந்தன. தோட்டைத் தூர்வாரி, அகலமாக்கி, அப்படியே திறந்து விடலாம். அதற்கு, தோட்டின்மேல் நீட்டிக் கட்டிய முன்பகுதிகளை இடிக்க வேண்டும். அக்காவின் அண்ணன் வீட்டு முன்னறை அதில் போய்விடும்; அதை அவர் பழம்பொருள் கடைக்கு வாடகைக்கு விட்டிருந்தார். இல்லாவிட்டால் தோட்டின்மேல் ஸ்லாப் போட்டு மூடி நடைபாதை ஆக்கலாம். யாருக்கும் எதுவும் போகாது, பார்க்கவும் அழகாக இருக்கும். எங்கள் முதலாளிக்கு ஸ்லாப்தான் பிடித்தது. எங்கள் ஆட்கள் அளவெடுத்தது சித்திரையில், தோட்டில் கணுக்கால் தண்ணீர்கூட இல்லை.

வரைபடத்தை முதன்முதலாகத் திரையில் பார்த்தபோது அக்கா, "இந்தத் தோடு இப்படி இல்லையே" என்று ஆரம்பித்து நாக்கைக் கடித்துக்கொண்டார். அன்றைக்கே முதலாளியிடம், அண்ணன் வீடு அந்தச் சந்தில் இருக்கிறது, இந்த வேலையில் நான் இல்லை என்று சொல்லிவிட்டார்.

முடிவெடுக்கும் கூட்டத்துக்கு வேறு வேலைகளுக்காக அவரும் வந்திருந்தார். சந்தின் பெயரை எடுத்ததும் பையையும் குடையையும் எடுத்துக்கொண்டு வெளியே போனார். நான் வரைபடத்தைத் திரையில் காட்டிக்கொண்டிருந்தேன். மார்கழியில் கடல் ஏறுமே, மூடினால் என்ன ஆகும் என்று கேட்டேன். ஒரு பம்பு வைத்தால் தீர்ந்தது என்று பதில் வந்தது. சாயாவுக்குக் கலைந்தபோது வராந்தாவுக்கு ஓடினேன். அக்கா தூணோரம் நின்று காயலைப் பார்த்துக்கொண்டிருந்தார். தூரத்தில் வல்லார்பாடத்துத் துறைமுகக் கிரேன்கள் தெரிந்தன. உங்களுக்கு ஏதோ தெரியும், உள்ளே வந்து சொல்லுங்கள் என்று கெஞ்சினேன்.

"நான் வர முடியாது."

"ஸ்லாப் வேணாம்னு சொன்னா உங்க அண்ணனுக்குத்தானே நஷ்டம்? நஷ்டம் வர்ற பக்கமாப் பேசினா யாரு உங்களைக் குத்தம் சொல்லுவாங்க?"

"நஷ்டமும் பங்குதான்."

"அப்போ என்கிட்டச் சொல்லுங்க. நான் சொல்றேன்."

"அது உன் வாயால நான் பேசினதாகும்." பிறகு என் தோளைத் தொட்டு, "சாயா ஆறிடும், நீ உள்ளே போ" என்றார்.

அவரைப் பிடித்து உலுக்க வேண்டும்போல இருந்தது. உள்ளே ஸ்லாப் என்று முடிவாயிற்று. பிறகு ஊர்மக்களிடம் ஆட்சேபம் கேட்கும் கூட்டமும் நடந்தது. அதற்கு அக்கா வரவே இல்லை. அண்ணனும் அண்ணியும் முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார்கள். தையல் இத்தாவும் வந்திருந்தார். வாசலில் நாற்றம் போய்விடும் என்று அவருக்கும் சந்தோஷம்தான்.

ஸ்லாப் போட்டபின் வந்த முதல் மார்கழியில், இத்தாவின் வீட்டுக்குள் வாசல் வழியாகத் தண்ணீர் வரவில்லை. குளியலறை ஓட்டை வழியாகப் பொங்கி வந்தது. அவர் கட்டில்மேல் துணிகளை ஏற்றுவதற்குள் இரண்டு மோட்டாரும் மூழ்கிவிட்டன. ஒரு கல்யாணப் பெண்ணின் பட்டு முழுதும் உப்புத் தண்ணீரில் ஊறிப்போயிற்று. விஷயம் கேட்டு நானும் அக்காவும் ஓடினோம். முழங்காலுக்குச் சற்றுக் கீழே தண்ணீர். அக்கா சுற்றிப் பார்த்துவிட்டு, தன்னையறியாமல் சொன்னார்:

"பின்வாய் வழியாத்தான் வந்திருக்கும்."

பட்டைப் பிழிந்துகொண்டிருந்த இத்தா நிமிர்ந்து, அது என்ன பின்வாய் என்று கேட்டார். அக்கா சொன்னார். தோட்டுக்கு இரண்டு வாய் உண்டு. காயல் பக்கத்து வாய் எல்லாருக்கும் தெரியும். இன்னொன்று பழைய மிளகுக் கிடங்கின் சுவருக்கு அடியில் இருக்கிறது, வெளியே தெரியாது; சின்ன வயதில் அண்ணனோடு மீன் பிடிக்கப் போய்ப் பார்த்தது. கடல் ஏறும்போது இரண்டு பக்கமிருந்தும் தண்ணீர் வந்து சந்தின் நடுவில் சேரும். திறந்திருந்தவரை பரவி இறங்கிவிடும். மூடினால் அதற்கு வீட்டுக் குழாய்களை விட்டால் வேறு வழியில்லை.

"இது உனக்கு முன்னாடியே தெரியுமா மோளே?"

ஆமாம் என்று அக்கா தலையை ஆட்டினார். இத்தா குனிந்து மறுபடி பிழியத் தொடங்கினார். மறுமாதம் சங்கத்துக்குப் புகார் போயிற்று. இத்தா சொல்லச் சொல்ல அவருடைய தங்கை மகள் மலையாளத்தில் எழுதியது. தெரிந்திருந்தும் சொல்லவில்லை என்பதுதான் அதில் இருந்த விஷயம்.

விசாரணைக்கு என்னைச் சாட்சியாகக் கூப்பிட்டார்கள். பங்கு இருக்கிறது என்று அறிவித்தாரா? அறிவித்தார். வெளியே போனாரா? போனார். யாரிடமாவது தனியாகச் சொல்லி முடிவை மாற்றப் பார்த்தாரா? இல்லை. என்னிடம்கூடச் சொல்ல மறுத்துவிட்டார் என்று சொன்னேன். தலைவராக இருந்த பெரியவர், இதைவிடச் சுத்தமாக ஒருவர் விதிப்படி நடக்க முடியாது என்றார். எனக்கு மூச்சு வந்தது. அக்காவுக்குப் பதிவு போய்விடுமோ என்று நான் பயந்துகொண்டிருந்தேன்.

குழுவில் இருந்த ஒரு பெண் மட்டும் தயங்கித் தயங்கி ஒன்று கேட்டார். முடிவெடுப்பதிலிருந்துதானே விதி விலகச் சொல்கிறது, தெரிந்த உண்மையை மறைக்கச் சொல்லவில்லையே. ஆட்சேபக் கூட்டத்தில், அந்தச் சந்தில் வீடுள்ளவரின் தங்கை என்று சொல்லிக்கொண்டே எழுந்து நின்று பேசியிருக்கலாமே என்றார்.

"பேசியிருக்கலாம்" என்றார் அக்கா. "அந்த விதியை வகுப்புல எல்லாருக்கும் சொல்லிக்குடுக்கறதே நான்தான்."

அக்கா மேஜையைப் பார்த்துக்கொண்டே தொடர்ந்தார்.

"வெளியே போகச் சொன்னது விதி. ஆனா வெளியே போனதும் எனக்கு நிம்மதியா இருந்தது. அண்ணன் முன்னறையை என் வாயால இடிக்கச் சொல்ல வேண்டியதில்லைன்னு நிம்மதி. அதை விதி சொல்லலை. அதுக்கு ஒரு எச்சரிக்கையாவது குடுங்க."

பெரியவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். நிம்மதியாக இருந்ததற்குத் தண்டனை கொடுக்க நம்மிடம் விதி எதுவும் இல்லை மேடம் என்றார். புகார் தள்ளுபடி ஆயிற்று.

வெளியே பெஞ்சில் இத்தா உட்கார்ந்திருந்தார். அக்கா நேராக அவரிடம் போய் நின்றார். என்ன சொன்னார்கள் என்று இத்தா கேட்டார். தன்மேல் தப்பு இல்லை என்று சொல்லிவிட்டதாக அக்கா சொன்னார்.

"அது சரி மோளே" என்றார் இத்தா. "வர்ற மார்கழிக்கு நான் மெஷினை எங்கே வைக்கறது?"

விதி என்று நம்பித்தான் விலகி நின்றாரா, அண்ணனுக்குப் பயந்து விதிக்குப் பின்னால் ஒதுங்கினாரா என்று நான் பல நாள் யோசித்திருக்கிறேன். இரண்டும்தான் என்று இப்போது தோன்றுகிறது. எது எவ்வளவு என்று அவருக்கே தெரிந்திருக்காது. அத்தனை வருஷம் நேர்மையாக இருந்த ஒருவருக்கு அந்த நேர்மையே ஒளிந்துகொள்ள இடம் கொடுத்துவிட்டதே என்று எனக்கு ஆற்றாமை தீரவில்லை.

அக்கா வேலையை விட்டார், பதிவைப் புதுப்பிக்கவில்லை. அடுத்த மார்கழியிலும் தண்ணீர் வந்தது. அதற்கப்புறம் இத்தா வீட்டைக் கிடைத்த விலைக்குக் கொடுத்துவிட்டுப் பள்ளுருத்தியில் ஒரு மாடி அறைக்குப் போய்விட்டார். ஸ்லாப்பை எடுப்பதா என்று மறுபரிசீலனை செய்ய அதன்பிறகும் காலம் ஆயிற்று.

கடைசியில் அதற்கு ஊர்மக்கள் கூட்டம் ஒன்று வைத்தார்கள். நடத்தியவர் கோழிக்கோட்டிலிருந்து புதிதாக வந்த இளம் எஞ்சினியர், பழைய கதை எதுவும் தெரியாதவர். அக்கா ஊர்மக்களோடு உட்கார்ந்திருந்தார், முறை வந்ததும் எழுந்தார். இந்தச் சந்தில் என் அண்ணன் வீடு இருக்கிறது என்று முதலில் சொன்னார். பிறகு பின்வாயைப் பற்றிச் சொன்னார், ஸ்லாப்பை எடுக்க வேண்டும் என்றார், முன்பகுதிகளை, அண்ணனுடையதையும் சேர்த்து, இடிக்க வேண்டும் என்றார். அண்ணன் அதே வரிசையில் இருந்தார், தங்கையின் பக்கம் திரும்பவில்லை. எல்லாம் சொல்லி முடிக்க ஒரு சாயா குடிக்கிற நேரம்கூட ஆகவில்லை.

எஞ்சினியர் வேகவேகமாக எழுதிக்கொண்டார். இவ்வளவு முக்கியமான விஷயம் ஸ்லாப் போடும்போது யாருக்குமே தெரியாதா என்று ஆச்சரியத்தோடு கேட்டார்.

"எனக்குத் தெரியும்" என்றார் அக்கா.

எஞ்சினியர் எழுதுவதை நிறுத்திவிட்டு நிமிர்ந்தார். பிறகு மரியாதையாக, இப்போதாவது சொன்னீர்களே, பெரிய உபகாரம் மேடம் என்றார். அதிகமாகப் பாதிக்கப்பட்ட அந்த நடுவீட்டுக்காரர் வந்திருக்கிறாரா, அவரையும் ஒரு வார்த்தை கேட்டுவிடலாம் என்று சொல்லிக் கூட்டத்தைப் பார்த்தார். யாரும் எழவில்லை. நின்றுகொண்டிருந்த அக்கா மெல்லத் திரும்பி, ஒவ்வொரு வரிசையாகக் கடைசி வரிசைவரை பார்த்தார். இத்தா பள்ளுருத்திக்குப் போய் அதற்குள் ஒரு வருஷத்துக்குமேல் ஆகியிருந்தது.